கல்லட்டி மலையில் வளர்ந்த நடிகை



இன்றைய உரை ஒரு திரைப்பட நடிகையைப் பற்றியது. இலக்கிய நிகழ்ச்சியிலே நடிகைக்கு என்ன இடம் என்று நேயர்களுள் சிலர் நினைக்கக்கூடும். அந்த நினைப்பு நியாயமானதே. ஆனால் இந்தப் பேச்சுக்கு என்னை இழுத்து வந்தது சினிமாப் பத்திரிகையன்று. வத்தேகமவிலே என் உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி. கைத்தொலைபேசியிலே ஒரு பேட்டியைப் பார்த்துவிட்டு வந்து அவர் கேட்டார்: “சேர், இந்த வெள்ளக்காரம்மா எப்பிடி நம்மள மாதிரியே தமிழ் பேசுறாங்க?”

நான் வாய் திறக்கும் முன்னரே பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி சொன்னாள்: “அவங்க ஊட்டிப் பக்கம் வளந்தவங்க சேர். எங்க அம்மாயியோட தங்கச்சி குடும்பமும் அங்கிட்டு கோத்தகிரியிலதான் இருக்காங்க.”

அந்த மாணவியின் பதிலிலே நம்முடைய வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அந்த நடிகையின் பெயர் கல்கி கோச்லின். வீட்டுமொழி பிரெஞ்சு. பிறந்த ஊர் புதுச்சேரி. வளர்ந்த இடம் நீலகிரி மலை. புகழ் பெற்றது இந்திக் கலைத் திரைப்படங்களில். இத்தனை ஊர்களும் மொழிகளும் ஒருவருடைய வாழ்விலே எவ்வாறு வந்து சேர்ந்தன என்று அறியச் சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும். தொடங்க வேண்டிய இடம் நமது கண்டி இராச்சியம், ஆண்டு 1672.

அந்த ஆண்டிலே த லா ஹே என்னும் தளபதியின் தலைமையில் பிரெஞ்சுக் கப்பற்படை ஒன்று திருகோணமலைக்கு வந்தது. ஒல்லாந்தரை விரட்டத் துணை தேடிக்கொண்டிருந்த கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனுக்கு அது நல்ல செய்தியாயிற்று. த லெனரோல் என்ற பிரபு பிரெஞ்சுத் தூதராக அரசனிடம் அனுப்பப்பட்டார். ஆனால் அவருக்கு இந்நாட்டு மரியாதைகள் பிடிபடவில்லை. குதிரையிலிருந்து இறங்கவேண்டிய இடத்திலே இறங்கவில்லை. அரசன் அழைக்கும்வரை காத்திருக்கவும் பொறுக்கவில்லை. சினங்கொண்ட மன்னன் அவரைப் பிடித்து விலங்கிடச் செய்தான். இச்செய்தியை நமக்குச் சொல்பவர், அதே மன்னனிடம் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்து 1679இலே தப்பிப்போன ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ். அவருடைய நூல் 1681இல் லண்டனில் வெளிவந்தது.

தூதர் திரும்பிப் போகவில்லை. அவர் வழியினர் இம்மண்ணிலேயே வேரூன்றினர். இன்றும் சிங்கள மக்களிடையே த லெனரோல் என்ற குடும்பப்பெயர் வழங்குகின்றது. அந்தப் பெயருடைய எவரையும் “நீ பிரான்சுக்குப் போ” என்று இன்று யாரும் சொல்வதில்லை. இது மனங்கொள்ளத்தக்கது.

அதே கப்பற்படையின் எஞ்சிய கதை கடலுக்கு அப்பால் நிகழ்ந்தது. ஒல்லாந்தரால் திருகோணமலையைக் கைவிட நேர்ந்த த லா ஹே, 1672 ஜூலையிலே சென்னைக்கு அருகிலுள்ள சாந்தோமைப் பிடித்துக்கொண்டார். முற்றுகைக்குள்ளான அந்தக் கோட்டைக்கு உணவும் பொருளும் சேர்க்கக் கடலோரத்திலே ஓர் இடம் வேண்டியிருந்தது. 1673இன் தொடக்கத்திலே புதுச்சேரியிலே பிரெஞ்சுக்காரர் கால்வைத்தது அந்தத் தேவையினாலேதான். 1674இல் பிரான்சுவா மார்த்தேன் அங்கே நிலைகொண்டு ஊரை வளர்த்தார். சாந்தோம் கைவிட்டுப் போயிற்று, புதுச்சேரி நிலைத்தது. ஆக, கண்டியிலே ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தை விட்டுச்சென்ற அதே படைதான் தமிழகத்துக்கு ஒரு பிரெஞ்சு நகரத்தையும் விட்டுச்சென்றது.

புதுச்சேரியின் பிற்கால வரலாறு நேயர்களிற் பலர் அறிந்ததே. அங்கே துய்ப்ளெக்சின் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப்பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழிலே எழுதிய நாட்குறிப்பு, நமது உரைநடை வரலாற்றிலே தனியிடம் பெற்றது. பிரெஞ்சு ஆட்சி நடைமுறையில் முடிந்தது 1954 நவம்பர் 1ஆம் திகதி. சட்டப்படி முடிந்தது 1962 ஆகஸ்ட் 16ஆம் திகதி. அப்போது ஊர் மக்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவுசெய்துகொள்ளும் வாய்ப்பு வழங்கப்பட்டது. அதனால் தமிழ் பேசும் பிரெஞ்சுக் குடிமக்கள் அங்கே இன்றும் வாழ்கின்றனர். முகம் ஒன்று, மொழி ஒன்று, காகிதம் ஒன்று என மூன்றும் வெவ்வேறாக இருக்கக்கூடும் என்பதைப் புதுச்சேரி நமக்குக் காட்டுகின்றது.

1968 பெப்ரவரி 28ஆம் திகதி புதுச்சேரிக்கு அருகிலே ஆரோவில் என்னும் குடியிருப்பு தொடங்கப்பட்டது. அரவிந்தர் ஆச்சிரமத்து அன்னையின் எண்ணத்திலே உருவான அவ்விடத்துக்குப் பல நாடுகளிலிருந்து இளைஞர் வந்து சேர்ந்தனர். ஆள வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இம்முறை அமைதி தேடி வந்தார்கள். அவ்வாறு இந்தியாவுக்கு வந்த பிரெஞ்சுத் தம்பதியருக்கு 1984 ஜனவரி 10ஆம் திகதி புதுச்சேரியிலே ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் கல்கி. திருமாலின் பத்தாவது அவதாரத்தின் பெயர். தமிழ் வாசகருக்கோ அந்தப் பெயரைக் கேட்டவுடன் முதலில் நினைவுக்கு வருபவர் ‘பொன்னியின் செல்வன்’ ஆசிரியரே.

குழந்தையின் எள்ளுப்பாட்டனார் மோரிஸ் கோச்லின். பாரிஸ் நகரத்து ஈபல் கோபுரத்தின் முதல் வரைபடத்தை 1884இலே தீட்டிய பொறியியலாளர் அவர். கோபுரத்துக்குப் பெயர் கொடுத்தவர் நிறுவன உரிமையாளரான ஈபல். கோடு கிழித்தவர் கோச்லின். வரைபடம் பிறந்து ஏறத்தாழ நூறாண்டு கழித்து, அவருடைய வழித்தோன்றல் தமிழ்மண்ணிலே பிறந்தார்.

ஆரோவில் வாழ்க்கைக்குப் பின்னர் குடும்பம் ஊட்டிக்கு அருகிலுள்ள கல்லட்டி என்னும் மலைக்கிராமத்துக்குக் குடிபெயர்ந்தது. வீட்டிலே பிரெஞ்சு, ஊரிலே தமிழ், பாடசாலையிலே ஆங்கிலம். தெருவிலே விளையாடிய பிள்ளைகளோடு பேசிப் பழகிய மொழி அவருக்கு எப்படி அந்நிய மொழியாகும்? என் மாணவரின் வியப்புக்கு விடை இவ்வளவுதான்.

இங்கே சற்று நிற்போம். கல்கி வளர்ந்த அதே நீலகிரி மாவட்டத்திலே அக்காலத்தில் இன்னொரு கூட்டமும் புதிதாகக் குடியேறிக்கொண்டிருந்தது. அது நம்முடைய கூட்டம்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964இலே சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என எண்ணிப் பிரித்தார்கள். மிஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இலே இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டன. கோச்சி ஏறித் தலைமன்னார் போய், கப்பலேறி இராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமைக் கடந்து போனவர்களிலே பெருந்தொகையினர் நீலகிரியைச் சேர்ந்தனர். அவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968இலே தமிழ்நாடு அரசு அங்கே தேயிலைத் தோட்டங்களை உருவாக்கத் தொடங்கியது. கூடலூர், குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களிலே நம்மவர் மீண்டும் கொழுந்துக் கூடையைத் தூக்கினர். இங்கே அவர்களை ‘இந்தியாக்காரன்’ என்றும் ‘கள்ளத்தோணி’ என்றும் அழைத்தார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் ‘சிலோன்காரன்’.

ஒரே மலையிலே, ஒரே காலத்திலே, இரண்டு வகை அந்நியர். ஒருத்தி வெள்ளைத் தோலோடு தமிழ் பேசினாள். மற்றவர்கள் தமிழ்த் தோலோடு தமிழ் பேசினார்கள். இரு சாராரையும் பார்த்து ஊர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “நீங்கள் எந்த ஊர்?”

இவ்விரண்டையும் ஒன்றென்று சொல்ல நான் வரவில்லை. அது பொய்யாகும். வெள்ளைத் தோல் எங்கே போனாலும் முதலில் ஒரு கதிரையைப் பெற்றுத் தரும். தேயிலைத் தோட்டத்துத் தோலை வாசலிலேயே நிறுத்திவைப்பார்கள். அந்த வேற்றுமையை மறந்துவிடாமலே நாம் இந்த நடிகையின் பாதையைப் பின்தொடர்வோம்.

ஊட்டியிலே பாடசாலைக் கல்வியை முடித்தவர், லண்டன் சென்று கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியிலே நாடகமும் அரங்கியலும் கற்றார். படிக்கும்போதே வார இறுதிகளில் உணவுச்சாலையிலே பரிமாறும் வேலை செய்தார். நாடகக் குழுவொன்றோடு இரண்டாண்டுகள் இயங்கினார். ஐரோப்பிய முகமுடைய ஒருவர் ஐரோப்பாவிலேயே தங்கியிருந்தால் வாய்ப்புகள் இயல்பாக வந்திருக்கும் என்று நாம் நினைப்போம். அவரோ இந்தியாவுக்குத் திரும்பினார். பிரெஞ்சும் ஆங்கிலமும் தமிழும் அறிந்த அவர், மும்பையிலே பிழைப்பதற்கு நான்காவதாக இந்தியையும் கற்கவேண்டியிருந்தது. அங்கே அவரைத் தேடிவந்த வேடங்கள் எத்தகையனவாக இருந்திருக்கும் என்பதை இந்தித் திரையுலகை அறிந்தோர் ஊகிக்கலாம். வெள்ளைக்காரப் பெண் என்றால் கதாநாயகனுக்குப் பின்னால் ஆடுபவள், அல்லது பழைய வெள்ளைத் துரையின் மகள். அதற்கு மேலே அவளுக்குக் கதை கிடையாது.

அந்நிலையை மாற்றியது 2009 பெப்ரவரியிலே வெளிவந்த ‘தேவ் டி’. அநுராக் காஷ்யப் நெறிப்படுத்திய இப்படம், சரத்சந்திரர் 1917இலே வெளியிட்ட ‘தேவதாஸ்’ நாவலை இக்காலத்து தில்லிக்கும் பஞ்சாபுக்கும் கொண்டு வந்தது. நமது தலைமுறைக்குத் தேவதாஸ் என்றால் 1953இன் தமிழ்ப்படம், நாகேஸ்வரராவும் சாவித்திரியும். அதிலே சந்திரமுகியாக வந்தவர் லலிதா. 1955இலே பிமல் ராய் இந்தியில் எடுத்தபோது சந்திரமுகியானவர் சென்னைத் திருவல்லிக்கேணியிலே பிறந்த வைஜயந்திமாலா. அவ்வேடத்துக்காகத் துணை நடிகைக்கான பிலிம்பேர் விருது அறிவிக்கப்பட்டபோது, தமது பாத்திரம் துணைப் பாத்திரமன்று என்று சொல்லி அதை மறுத்தவர் அவர்.

தமிழ்மண்ணிலே பிறந்த இரண்டாவது இந்திச் சந்திரமுகி கல்கி. ஆனால் இவள் நாட்டியமாடும் தாசியல்லள். பாடசாலை மாணவியாயிருந்தபோது அவளை நம்பவைத்து எடுத்த அந்தரங்கக் காட்சி ஊரெங்கும் பரவுகிறது. தந்தை தற்கொலை செய்துகொள்கிறார். உறவினர் கைவிடுகின்றனர். அவள் தில்லியின் ஓர் ஒடுங்கிய தெருவிலே தஞ்சம் புகுகிறாள். பகலிலே கல்லூரி மாணவி, இரவிலே விலைமகள். அழைப்பவரின் மொழிக்கேற்பத் தொலைபேசியிலே அவள் வெவ்வேறு மொழிகளிலே பேசுகிறாள். நடிகைக்கு உண்மையிலே தெரிந்த மொழிகளை நெறியாளர் பாத்திரத்தின் துயரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார். சந்திரமுகியைத் தூய அன்பின் சின்னமாகப் போற்றிய பழைய மரபு, அவள் எவ்வாறு அந்த இடத்துக்கு வந்தாள் என்று கேட்கவில்லை. இப்படம் கேட்டது. கல்கிக்குத் துணை நடிகைக்கான பிலிம்பேர் விருது கிடைத்தது. வைஜயந்திமாலா மறுத்த அதே விருது, அதே பாத்திரம்.

அதே 2009இலே அவருக்கு இன்னொரு பாராட்டும் கிடைத்தது. பிரசாந்த் பிரகாஷோடு சேர்ந்து எழுதிய ‘எலும்புக்கூட்டுப் பெண்’ என்ற ஆங்கில நாடகத்துக்காக, சென்னையிலிருந்து வெளிவரும் ‘இந்து’ நாளேட்டின் நாடகாசிரியர் விருதை அவர் பெற்றார். கல்கியை நடிகையாக மட்டும் பார்ப்பது குறைப்பார்வை. பிறர் எழுதும் வேடம் தனக்குப் பொருந்தாவிட்டால் தானே எழுதிக்கொள்ளலாம் என்று கண்டவர் அவர். பின்னர் ‘வரவேற்பறை’ என்ற பொருளுடைய தலைப்பிலே ஒரு நாடகத்தை எழுதி, தாமே நெறிப்படுத்தவும் செய்தார்.

இந்த எண்ணத்தின் விளைவுதான் ‘மஞ்சள் சப்பாத்துக்காரி’ என்று தமிழிலே சொல்லத்தக்க படம். 2010இலே விழாக்களிலே காட்டப்பட்டு 2011இலே திரைக்கு வந்தது. திரைக்கதையை அநுராக் காஷ்யப்போடு சேர்ந்து எழுதியவர் கல்கி. தந்தையைத் தேடி இங்கிலாந்திலிருந்து மும்பைக்கு வரும் ரூத் என்னும் பெண்ணின் கதை அது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் உடல் பிடித்துவிடும் நிலையமொன்றிலே அவள் வேலை செய்கிறாள். தங்கியிருக்க விசா நீடிப்பு வேண்டி அலுவலகப் படிகளிலே ஏறி இறங்குகிறாள். எழுதுவினைஞர் முன்னே கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் அந்தப் பெண்ணைப் பார்க்கும்போது, பிறப்புச் சாட்சிப்பத்திரத்துக்கும் அடையாள அட்டைக்கும் நம் தோட்டத்து மக்கள் அலைந்த அலைச்சல் என் கண்முன் வந்தது. வெள்ளைத் தோலுக்குக் கிடைக்கும் கதிரையும் காகிதம் இல்லாவிட்டால் பறிபோய்விடும்.

இவ்விடத்திலே கலைத் திரைப்படம் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. 1955இலே சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’, 1956இலே நமது லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ ஆகியவற்றோடு இப்பகுதியிலே இந்த மரபு வேர்கொண்டது எனலாம். நட்சத்திரத்தைக் காட்டுவது அதன் நோக்கமன்று, மனிதரைக் காட்டுவதே. ‘கம்பெரலிய’ படத்திலே புண்யா ஹீந்தெனிய கண்ணைத் தாழ்த்தியவாறு நிற்கும் காட்சிகளைப் பார்த்தோர், வசனமில்லாமலே ஒரு குடும்பத்தின் வீழ்ச்சியை அறிந்துகொள்வர். அவ்வகை நடிப்புக்கு முகம் மட்டும் போதாது. முகத்தை மறக்கச் செய்யும் ஆற்றல் வேண்டும். வெள்ளை முகமுடைய ஒருவருக்கு இந்தியப் படத்திலே அது இருமடங்கு கடினம்.

2012இலே திபாகர் பானர்ஜியின் ‘ஷங்காய்’ வந்தது. கிரேக்க எழுத்தாளர் வசிலிகோஸின் நாவலைத் தழுவிய அரசியற் படம். அதிலே கல்கி ஷாலினி என்ற இந்தியப் பெயரோடு வந்தாலும், அந்த ஊர் அவளை வெளியாளாகவே பார்க்கிறது. ஆசிரியர் ஒருவரின் கொலைக்கு நீதி கேட்பவளை நோக்கி, “இது உன் ஊரா?” என்ற தொனியே எங்கும் எழுகிறது.

இந்தச் சுவர் இடிந்தது 2014இலே. ஷோனாலி போஸ் நெறிப்படுத்திய ‘மார்கரீட்டா வித் அ ஸ்ட்ரோ’ அவ்வாண்டு ரொறன்ரோ திரைப்பட விழாவிலே முதலிற் காட்டப்பட்டது. மூளைவாதத்தோடு பிறந்த லைலா என்னும் தில்லிப் பல்கலைக்கழக மாணவி அதன் நாயகி. தந்தை சீக்கியர், தாய் மராட்டியர். தாயாக நடித்தவர் நாம் ‘மண்வாசனை’யிலும் ‘மௌனராக’த்திலும் கண்ட ரேவதி. லைலா பாட்டு எழுதுகிறாள், காதலிக்கிறாள், நியூயோர்க் சென்று படிக்கிறாள், தன் உடலின் ஆசைகளை வெட்கமின்றி அறிந்துகொள்கிறாள். நெறியாளரின் ஒன்றுவிட்ட சகோதரியும் எழுத்தாளருமான மாலினி சிப்பின் வாழ்வு இப்படத்துக்குத் தூண்டுகோலாயிற்று. கல்கி அவரோடு பழகி, பேச்சின் தடங்கலையும் விரல்களின் இறுக்கத்தையும் சக்கர நாற்காலியிலிருந்தே பயின்றார்.

படத்தைப் பார்க்கத் தொடங்கிச் சிறிது நேரத்திலே ஒன்றை உணர்வோம். லைலா வெள்ளையாக இருக்கிறாளே என்ற எண்ணமே நமக்கு எழுவதில்லை. அவள் ரேவதியின் மகள், அவ்வளவுதான். தாயும் மகளும் சண்டையிடும்போதும், நோயுற்ற தாயின் தலைமுடியைப் பற்றிக் கவலைப்படும்போதும் அங்கே தோலின் நிறம் கரைந்துவிடுகிறது. அப்படத்துக்காக 62ஆவது இந்தியத் தேசியத் திரைப்பட விருதுகளிலே நடுவர் குழுவின் சிறப்பு விருது கல்கிக்கு வழங்கப்பட்டது.

ஆனால் இங்கேயும் ஒரு நியாயமான கேள்வி உண்டு. உடற்குறை உள்ளவர் பாத்திரத்தை அக்குறை இல்லாத ஒருவர் ஏன் நடிக்கவேண்டும்? மாற்றுத்திறனாளிகளின் இயக்கத்தவர் இதனை உலகெங்கும் கேட்கிறார்கள். வெள்ளைக்காரி என்பதால் தனக்கு வேடம் மறுக்கப்பட்டதை உணர்ந்த நடிகை, வேறொருவருக்கு மறுக்கப்பட்ட வேடத்திலே அமர்ந்திருக்கிறார். இதிலே குற்றஞ்சொல்ல வேண்டியது அவரை மட்டுமன்று. எனினும் கேள்வி கேள்விதான். நல்ல நடிப்பு அதனை அழித்துவிடாது.

2015இன் ‘வெய்ட்டிங்’ படத்திலே கொச்சி நகரத்து மருத்துவமனையொன்றிலே நினைவிழந்து கிடக்கும் கணவனுக்காகக் காத்திருக்கும் இளம் மனைவியாக வந்தார். அங்கே அவருக்குத் துணையாவது, அதேபோல மனைவிக்காகக் காத்திருக்கும் முதியவராக வரும் நசீருத்தீன் ஷா. அம்மனைவியாக, பேச்சின்றிப் படுக்கையிலே கிடப்பவர் நமது சுஹாசினி. 2016இலே கொங்கணா சென் சர்மா நெறிப்படுத்திய ‘எ டெத் இன் த கஞ்ச்’ வந்தது. 1979ஆம் ஆண்டைக் காலமாகக் கொண்ட அக்கதை, ஆங்கிலோ - இந்தியருக்கென உருவாக்கப்பட்ட மக்லஸ்கிகஞ்ச் என்னும் ஊரிலே நிகழ்வது. தாயகம் எதுவென்று தெரியாமல் நின்ற ஒரு சமூகத்தின் ஊர் அது. கல்கி அங்கே மிமியாக வருகிறார். மென்மையான இளைஞன் ஒருவனோடு விளையாட்டாக நெருங்கி, விளையாட்டாகவே விலகிப்போகும் பெண். கொடுமை செய்கிறோம் என்று அறியாமலே கொடுமை செய்பவளை வில்லியாக்காமல் நடித்தது அவருடைய முதிர்ச்சி.

2022இலே பூசான் திரைப்பட விழாவிலே காட்டப்பட்ட ‘கோல்ட்பிஷ்’ படத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். பூஷன் கிருபளானி நெறிப்படுத்தியது. இந்தியத் தாய்க்கும் ஆங்கிலத் தந்தைக்கும் பிறந்த மகள் கல்கி. தாய் தீப்தி நவால். மறதிநோய் பற்றத் தொடங்கியிருக்கும் பாடகி. தாயின் வீட்டுக்குப் பல காலம் கழித்து மகள் திரும்பி வருகிறாள். பழைய காயம் ஆறவில்லை. ஆனால் காயப்படுத்தியவருக்கே அது நினைவில்லாமற் போய்க்கொண்டிருக்கிறது. அந்த மகளின் பெயர் அநாமிகா. பெயரற்றவள் என்பது பொருள். இடையிலே நிற்பவருக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் உண்டோ?

இனித் தமிழுக்கு வருவோம். தமிழ் பேசத் தெரிந்த இந்த நடிகையைத் தமிழ்த் திரையுலகு எவ்வாறு பயன்படுத்தியது? முதற் படம் வந்து பத்தாண்டுகள் கழிந்து, 2019இலே ‘நேர்கொண்ட பார்வை’யில் ஒரு பாடலுக்கு ஆடவைத்தது. 2020இலே ‘பாவக் கதைகள்’ தொகுப்பிலே, நாயகியின் பிறநாட்டுத் தோழியாக, பெனலோப் என்ற பெயரோடு வந்தார். இந்தி அவருக்குப் பின்னர் கற்ற மொழி. அங்கே அவர் ரேவதியின் மகளாக முடிந்தது. தமிழ் அவருக்குச் சிறுவயது மொழி. இங்கே அவர் வெள்ளைக்காரத் தோழியாகவே நிற்கவேண்டியிருந்தது. மொழி ஒருவரை ஏற்றுக்கொண்டாலும், அம்மொழியைப் பேசுவோரின் கண் அவரை ஏற்றுக்கொள்ள நாட்செல்லும். 2025 ஜனவரியிலே வெளிவந்த ‘நேசிப்பாயா’விலே அவர் ஒரு வழக்கறிஞராக வந்தார். பாத்திரத்தின் பெயர் இந்திராணி. சிறிய மாற்றந்தான், ஆயினும் மாற்றம்.

நமது நாட்டிலே இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1923இலே நுவரெலியா மாவட்டத்து றம்பொடையிலே டெய்சி ரசம்மா டானியல்ஸ் என்ற தமிழ்க் கிறிஸ்தவப் பெண் பிறந்தார். 1947இலே வெளிவந்த முதலாவது சிங்களப் பேசும்படம் ‘கடவுணு பொறொந்துவ’வின் நாயகி அவரே. ருக்மணி தேவி என்ற பெயரிலே சிங்கள மக்களின் நெஞ்சிலே குடிகொண்டு, 1978இலே வீதி விபத்திலே மறைந்தார். அவருடைய குரலைக் கேட்டு உருகிய சிங்கள இரசிகர் எவரும் “நீ எந்த ஊர்?” என்று கேட்டதில்லை. 1948இலே மலையகத்து மக்களின் குடியுரிமையைப் பறித்த அதே நாடு, முந்திய ஆண்டிலேதான் மலையகத்திலே பிறந்த ஒரு தமிழ்ப் பெண்ணின் குரலைத் தன் குரலாக்கிக்கொண்டது. கலை செய்ய முடிந்ததைச் சட்டம் செய்ய மறுத்தது.

மறுதிசையிலும் ஒரு பயணம் நிகழ்ந்தது. 2015இலே பிரெஞ்சு நெறியாளர் ஜாக் ஒடியாரின் ‘தீபன்’ கான் விழாவிலே தங்கப்பனை விருதை வென்றது. இலங்கை யுத்தத்திலிருந்து இறந்தவர்களின் கடவுச்சீட்டோடு தப்பிப்போய், குடும்பம் போல நடித்துப் பாரிஸ் புறநகரிலே வாழும் மூவரின் கதை. யாழினியாக நடித்தவர் சென்னை அரங்க நடிகை காளீஸ்வரி சீனிவாசன். பிரெஞ்சுப் படத்திலே பெரும்பகுதியும் தமிழே பேசப்பட்டது. பிரெஞ்சு வீட்டுப் பெண் இந்தியத் திரையிலும், தமிழ்ப் பெண் பிரெஞ்சுத் திரையிலும் அந்நியராக நின்று, அந்நியரின் உள்ளத்தை நமக்குத் திறந்து காட்டினர். நடிப்பு என்பதே இன்னொருவராக வாழ்ந்து பார்ப்பதுதானே.

தமது தோல் வெள்ளையானாலும் உள்ளம் இந்தியாவினுடையது என்ற கருத்தைக் கல்கி பேட்டிகளிலே சொல்லியிருக்கிறார். அழகான வார்த்தை. ஆயினும் உள்ளத்துக்கு நிறமும் நாடும் தேவையில்லை என்றே அவருடைய படங்கள் எனக்குச் சொல்கின்றன. ரூத், ஷாலினி, லைலா, அநாமிகா ஆகிய எல்லோரிடமும் “நீ எந்த ஊர்?” என்று யாரோ கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுள் லைலா ஒருத்திதான் அக்கேள்வியை நாமே மறந்துவிடும்படி செய்கிறாள். ஒரு நடிகையின் பதினைந்து ஆண்டுக்கும் மேற்பட்ட உழைப்பு அவ்வளவு தூரம் நம்மைக் கொண்டுசென்றிருந்தால் அது சிறிதன்று.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு மலையகத்திலே நாடற்றவர் என்ற நிலை நீங்கியது. காகிதம் கிடைத்துவிட்டது. கேள்வி மட்டும் நின்றபாடில்லை. கோத்தகிரியிலே உள்ள சின்ன அம்மாயியின் பேரப்பிள்ளைகளை அயலவர் இன்னும் ‘சிலோன்காரங்க’ என்பதாக அந்த மாணவி பின்னர் என்னிடம் சொன்னாள். அவர்கள் பிறந்ததும் வளர்ந்ததும் நீலகிரியிலே. இலங்கையைக் கண்ணாலும் கண்டதில்லை.

த லெனரோலின் வழியினரிடம் இன்று எவரும் ஊர் கேட்பதில்லை என்றேன். அதற்கு எத்தனை தலைமுறை சென்றதோ. நம் பிள்ளைகளுக்கு அத்தனை தலைமுறை செல்லக்கூடாது. வகுப்பறையிலே புதிய மாணவர் ஒருவர் வந்தமர்ந்தால், எந்த ஊர் என்று கேட்பதற்கு முன்னர், என்ன பெயர் என்று கேட்போம். கல்லட்டி மலையிலே விளையாட வந்த வெள்ளைக்காரச் சிறுமியிடமும், அவ்வூர்ப் பிள்ளைகள் முதலிலே அதைத்தான் கேட்டிருப்பார்கள் என்று நான் நம்புகிறேன். அப்படிக் கேட்டதனாலேதான் அவளுக்குத் தமிழ் வந்தது.